ஈரத் துணி தொங்கிய அலுமாரி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கிடைக்கிறது என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அதில் பாதி உண்மை. மொன்ட்ரியாலில், ரொக்ஸ்பரோ என்ற பகுதியில், எங்கள் வீட்டின் மேல்தளத்தில் நான் ஒரு சின்ன கார்டெரி நடத்துகிறேன். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பிள்ளை கத்தினால் நான் அவசரப்படுவதில்லை. கத்தாமல் இருந்தால்தான் எழுந்து ஓடுவேன். வாய்க்குள் எதையோ போட்டிருக்கும், அல்லது எதையாவது கொட்டிவிட்டு ஒன்றும் அறியாத முகத்தோடு நிற்கும்.

இந்த வேலைக்கு ஓர் அனுமதி உண்டு. அனுமதிக்கு ஓர் அதிகாரி உண்டு. அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார், மருந்து வைக்கும் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்ப்பார், படிக்கட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பார். பிள்ளைகளுக்கு ஆபத்தான எதுவும் வீட்டில் இருந்துவிட்டால் என் அனுமதி அன்றோடு போய்விடும். பிழைப்புப் போவது ஒருபுறம் இருக்க, என்னை நம்பிப் பிள்ளையை விட்ட தாய்மாரின் முகத்தில் அதற்குப் பிறகு எப்படி முழிப்பது?

இப்படியான ஒரு வீட்டின் பேஸ்மென்டுக்குத்தான் போன குளிர்காலத்தில் ஒரு ஜப்பான்காரர் வாடகைக்கு வந்தார்.

அவரைக் கொண்டுவந்தது என் கணவர்தான். அவர் லொறியில் பலகை கொண்டுபோய் இறக்கும் ஒரு தளபாடப் பட்டறை நகரத்துக்குள் இருக்கிறது. அந்தப் பட்டறைக்காரர்கள் ஜப்பானில் ஏதோ ஒரு மலைக்கிராமத்திலிருந்து இந்த மனிதரை ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் வரவழைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். நகக்கண்களில் கழுவினாலும் போகாத கறுப்பு. நான் முதலில் பார்த்தது அந்த நகங்களைத்தான்.

அவருடைய ஊரில் மரக்கிண்ணம் செய்வதுதான் எல்லாருக்கும் வேலையாம். ஒரு வீட்டில் மரத்தைக் கடைவார்களாம். அடுத்த வீட்டில் அடிப்பூச்சுப் பூசுவார்களாம். கடைசிப் பூச்சு அவருடைய வீட்டுக்குரிய வேலையாம். கடைகிறவர் பூசமாட்டார், பூசுகிறவர் கடையமாட்டார். மெதுவான இங்கிலீஷில், கைகளால் உருட்டிக் காட்டி, அவர் இதைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு ஊரே தேவையா என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அப்போதே எனக்கு ஆள்மேல் நம்பிக்கை வரவில்லை.

பிறகு அவர் வாடகையைப் பற்றியோ, சூடாக்கியைப் பற்றியோ, பஸ்ஸைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மேலே தொங்கிய சின்னச் சின்னக் குளிர்ச்சட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளைகள் கீழே வருவார்களா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"வரக் கூடாது. தயவுசெய்து."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டில் என் பிள்ளைகள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று நேற்று வந்தவர் சொல்வதா? சொன்னதோடு நிற்கவும் இல்லை. இரண்டாம் நாள், மேலேயிருந்து பேஸ்மென்டுக்கு இறங்கும் படிக்கதவில், தன்னுடைய பக்கத்தில், தானே வாங்கிய ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டார். கணவரிடம் கேட்டுத்தான் போட்டாராம். கணவர் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனிதர்.

"தனி மனுசன். பிள்ளையளைப் பற்றிக் கேக்கிறான். கதவைப் பூட்டுறான். உங்களுக்கு ஒண்டும் தோன்றேல்லையோ?" என்று அவரைப் பிடித்தேன்.

"நீர் எல்லாத்தையும் பொலிஸ் கண்ணாலை பாக்கிறீர். அந்தாள் பாவம். வேலை, வீடு எண்டு இருக்குது."

வேலை, வீடு என்று இருப்பவர்களைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மொன்ட்ரியால் குளிர்காலத்தில் சூடாக்கி போட்ட வீடு அப்பளம்போல் காய்ந்து கிடக்கும். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். ஆனால் வெளியே நின்று பார்த்தால் பேஸ்மென்ட் யன்னல் மட்டும் உட்புறமாக வேர்த்துப்போய் இருந்தது. சோறு வடித்த குசினி யன்னல் மாதிரி. யன்னலுக்குக் கிட்டக் குனிந்தபோது, உள்ளே சுவரோடு இருக்கும் பெரிய அலுமாரியின் கதவிடுக்கில் ஈரத் துணிகள் தொங்குவது மங்கலாகத் தெரிந்தது. அலுமாரிக்குள் யாராவது துணி காயப்போடுவார்களா?

பிறகு ஒரு மணம். புளித்த மாதிரி, கொஞ்சம் மரம் மாதிரி, கொஞ்சம் வினாகிரி மாதிரி. பிறகு ஒரு சத்தம். பிள்ளைகள் மத்தியானம் நித்திரையாகிற நேரத்தில்தான் என் வீடு அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் கீழேயிருந்து "கிர்ர்" என்று ஒரு மோட்டர் சுற்றும். நிற்கும். சிறிது நேரத்தில் மறுபடி சுற்றும். அவரோ காலையிலேயே பட்டறைக்குப் போயிருப்பார். ஆள் இல்லாத இடத்தில் என்ன சுற்றுகிறது?

ஒரு நாள் மேலே வந்து, மிகவும் பணிவாக, நாங்கள் எந்த எந்த நாட்களில் மிளகாய் பொரிப்போம், மீன் பொரிப்போம் என்று கேட்டார். பொரிக்கும் நாள் தெரிந்தால் தனக்கு உதவியாக இருக்குமாம். மணம் பிடிக்கவில்லை என்று முகம் சுளித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும், அந்த வகை ஆட்களை நான் கண்டிருக்கிறேன். இவர் நாள் கேட்கிறார். நாங்கள் எப்போது அடுப்பில் நிற்போம் என்று தெரிந்து இவருக்கு என்ன ஆகவேண்டும்?

இன்னொரு நாள் பனி வழிக்க வந்த ஜப்பான்காரர், பின்கதவில் நின்றபடி பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர்களுடைய முகங்களைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

மொன்ட்ரியால்-நோரில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். அவளும் வீட்டில் கார்டெரி வைத்திருப்பவள். சந்தேகத்தில் எனக்கு அக்கா, வயதில் தங்கை. நான் இதையெல்லாம் போனில் சொல்லச் சொல்ல "ம்ம், ம்ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஈரம் வேணும். சூடு வேணும். மணம் வெளியிலை போகக் கூடாது. ஆரும் உள்ளுக்கை வரக் கூடாது. இதெல்லாம் என்னத்துக்கு வேணும் எண்டு நினைக்கிறியள்?"

"என்னத்துக்கு?"

"கஞ்சாச் செடிக்கு. கடையிலை வாங்கினால் குற்றமில்லை, வீட்டிலை வளத்தால் இஞ்சை குற்றம். உங்கடை லைசென்ஸ் போச்செண்டு வையுங்கோ."

நான் நாற்காலியில் இருந்துவிட்டேன். எல்லாம் பொருந்தியது. நகக்கண்ணில் இருந்த கறுப்புக்கூட மண்ணாக மாறிவிட்டது. இரவில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவ்வளவு பயத்தில் இருக்கும்போது ஒருவர் சிரித்தால் வரும் கோபம் இருக்கிறதே, அதை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து அறிவேன்.

அதிகாரி எந்தக் கிழமையும் வரலாம் என்ற காலம் அது. வாடகைக்கு இருப்பவரிடம் முதலே சொல்லாமல் அவருடைய இடத்துக்குள் போகக் கூடாது என்பது சட்டம். எனக்கும் தெரியும். அதனால் எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அந்தச் சாட்டு வெள்ளிக்கிழமையோடு தானாகவே வந்தது.

வெள்ளி பின்னேரம் பிள்ளைகள் எல்லாம் போனபிறகு நான் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவேன். கிழமை முழுவதும் சளியும் பாலும் மூத்திரமும் மணத்த வீடு அப்போதுதான் என் வீடாகும். அந்த வெள்ளி பட்டறைக்காரர்கள் அவரைப் பனிமலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஞாயிறுதான் வருவார். தணல் போட்ட தூபக்காலை ஒரு கையில் எடுத்தேன், பேஸ்மென்டின் வெளிக்கதவுத் திறப்பை மற்றக் கையில் எடுத்தேன். யாராவது கேட்டால், "வெள்ளிக்கிழமை, சாம்பிராணி காட்ட வந்தனான்." யார் என்ன சொல்ல முடியும்?

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது கூரையிலிருந்த காற்றுத் துவாரம். சூடான காற்று மேலும் கீழும் போய்வரும் அந்த வலைத்தட்டைப் பிளாஸ்டிக்கால் மூடி, ஓரம் முழுக்க டேப் ஒட்டியிருந்தார். மணம் மேலே வராமல் மறைக்கிறார் என்று எனக்கு நூறு வீதம் உறுதியாகிவிட்டது. கதிரையில் ஏறி அதைப் பிய்த்து எறிந்தேன். என் வீடு மூச்சு விடட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

மேசையில் ஒரு கடதாசி. பென்சிலால் கைகள் வரைந்திருந்தார். எல்லாம் சின்னப் பிள்ளைகளின் கைகள். கொழுத்த விரல்கள், குழி விழுந்த முட்டிகள். கஞ்சாவை ஒரு கணம் மறந்துபோனேன்.

அலுமாரிக் கதவிலும் டேப். அதையும் பிய்த்துத் திறந்தேன். உள்ளே இலையும் இல்லை, செடியும் இல்லை. நாலாபுறமும் ஈரத் துணி. நடுவில், இரும்புச் சட்டத்தில், சின்னச் சின்ன மரக்கிண்ணங்கள் தலைகீழாக ஒட்டியிருந்தன. கறுப்பும் கடும் சிவப்புமாக, இப்போதுதான் எண்ணெய் பூசியதுபோல் மின்னிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "கிர்ர்" என்று சட்டம் முழுவதும் மெல்லச் சுற்றிக் கிண்ணங்கள் நிமிர்ந்தன. தூபக்கால் கையில் ஆடிப்போனது. புகை அலுமாரிக்குள் சுருண்டு போனது. சாம்பலும் கொஞ்சம் பறந்தது.

இவ்வளவு பூட்டும் கிண்ணத்துக்கா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது. என் விரல் ரேகை அதில் அப்படியே விழுந்தது. சீலைத்தலைப்பில் விரலைத் துடைத்து, அந்த விரலாலேயே நெற்றி வியர்வையையும் துடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு மேலே வந்துவிட்டேன். கிண்ணத்துக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்றே இரவு முழுக்கத் தோன்றியது.

சனி மத்தியானம் நெற்றி கடித்தது. பின்னேரம் கழுத்தும் கடித்தது. ஞாயிறு காலையில் கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இமைகள் வீங்கிக் கண் இரண்டும் கோடாகிப் போயிருந்தன. கன்னம் முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். கணவர் இந்த முறை சிரிக்கவில்லை.

"என்னத்தைச் சாப்பிட்டனீர்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை. கீழை ஏதோ நஞ்சு வைச்சிருக்கிறான்."

இதை நான் முழு நிச்சயத்தோடு சொன்னேன். இப்போது யோசித்தால், அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் சொன்னவற்றில் சரியாக இருந்தது இது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் கீழே வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சப்பாத்தைக் கழற்றும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அமைதியைக் கண்டால் எழுந்து ஓடும் நான், அன்று ஈரத் துணியை முகத்தில் போட்டபடி சோபாவில் கிடந்தேன். என் மனது வேலை செய்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்பேன். சாம்பிராணி என்பேன். என் வீடு என்பேன். எங்களுக்குச் சொல்லாமல் நஞ்சு வைத்திருந்தது ஏன் என்று திருப்பிக் கேட்பேன்.

உட்படியில் அவர் ஏறிவரும் சத்தம் கேட்டது. அந்தப் படியால் அவர் அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. பூட்டைத் திறந்தார், கதவைத் தட்டினார். கணவர் திறந்தார். நான் பிய்த்த டேப் சுருண்டபடி அவருடைய கையில் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனேயே எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"பிள்ளைகள் கீழே வந்தார்களா?"

நான் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த பதில் எதுவும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை.

"இல்லை" என்றேன். "வெள்ளி பின்னேரம். பிள்ளைகள் எல்லாரும் போனபிறகு."

"அதற்குப் பிறகு மேலே பிள்ளைகள் வந்தார்களா?"

"இல்லை. ஒருவரும் வரவில்லை."

அவர் மேல்படியில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துத் தன் மணிக்கட்டைக் காட்டினார். பழைய தழும்புகள். தொழில் தொடங்கிய காலத்தில் வந்தவையாம். ஒரு மரம், கீறினால் வரும் பால், அதைத்தான் பூசுகிறோம் என்றார். சொல் வராத இடத்தில் சுவரில் விரலால் மரம் கீறிக் காட்டினார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாங்காயைக் காம்போடு கடித்து, பால் பட்டு, வாய் அவிந்து போகாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டா? அந்த எரிவுதான் இது. இன்னும் பத்து மடங்கு.

அந்தப் பால் காய்வதற்குச் சூடும் ஈரமும் வேண்டுமாம். மொன்ட்ரியாலின் காய்ந்த காற்றில் அது காயவே காயாதாம். அதற்குத்தான் ஈரத் துணி. வழியாமல் இருப்பதற்குத்தான் சுற்றும் சட்டம். பட்டறையில் மரத்தூள் பறப்பதால் கடைசிப் பூச்சை மட்டும் இங்கே செய்தார். எண்ணெய்ப் புகை படக் கூடாது என்றுதான் பொரிக்கும் நாளைக் கேட்டார். காயும்வரை அதன் ஆவி சிலரின் தோலுக்கு ஆகாது, தொடாமலே கடிக்கும்.

"மேலே பிள்ளைகள் தூங்குகிறார்கள்" என்று கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தை நினைத்துக் கையை உயர்த்தினார். "அதனால் மூடினேன்."

கணவர் என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

அன்றிரவே ஜப்பான்காரர் வேலையைத் தொடங்கினார். பெப்ரவரிக் குளிரில் வீட்டின் எல்லா யன்னல்களையும் திறக்கச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு காற்றுக் குழாயின் வாய்களை எல்லாம் எண்ணெயாலும் பிறகு சாராயம்போல் மணத்த ஏதோ ஒன்றாலும் துடைத்தார். என் சீலையை ஒரு பையில் போட்டுக் கட்டினார். அலுமாரியிலிருந்த கிண்ணங்களை ஒரு பெட்டியில் அள்ளி, கராஜில் கொண்டுபோய் வைத்தார். வெளியிலோ கண் இமை உறையும் குளிர்.

"பழுதாகாதோ?" என்று கணவர் கேட்டுவிட்டு, பிறகு இங்கிலீஷிலும் கேட்டார்.

அவர் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். அடிப்பக்கம் தடித்து, விளிம்பு கொஞ்சம் உள்ளே வளைந்து, ஒரு சின்னப் பிள்ளை ஒற்றைக் கையால் இறுக்கிப் பிடிக்கக் கூடிய மாதிரிச் செய்த கிண்ணம். இங்கே பிள்ளைகள் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பதில்லை, மேசையில் வைத்துக் கரண்டியால் கிண்டுகிறார்கள், கவிழ்க்கிறார்கள். அதற்கென்று, இங்கே வருவதற்கு முன்பே, பட்டறைக்காரர்களோடு சேர்ந்து புதிதாக வடிவமைத்தது. அது பிள்ளைக் கைக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான் அந்தப் பென்சில் கைகள். அவருடைய ஊரில் ஒருவர் கடைந்து, ஒருவர் அடிப்பூச்சுப் பூசி, கப்பலில் வந்தது. அதன் கறுப்பில் மணல் தெறித்ததுபோல் என் சாம்பிராணிச் சாம்பல். இன்னொன்றில் என் விரல்.

"எல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் இருந்தது, அதை மறைப்பானேன். எங்களுக்கு முதலே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டாமா? பிள்ளைகள் வரக் கூடாது என்று வந்த அன்றே சொன்னேனே என்பார். சொன்னார்தான். ஆனால் நஞ்சு நஞ்சுதான். அது என் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குக் கீழே இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எனக்குச் சுகமில்லை என்று தாய்மாருக்குச் சொல்லி, முகம் ஆறும்வரை கார்டெரியைப் பூட்டினேன். மறுபடி திறந்த அன்றே அதிகாரி அம்மா வந்து நின்றார். வீடு ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது என்று கேட்டார். காற்று மாற்றினேன் என்றேன். கன்னத்தில் காய்ந்த பொருக்கைப் பார்த்து என்ன என்று கேட்டார். மாங்காய் என்றேன். அவர் பேஸ்மென்டுக்கு இறங்கி, வெறும் அலுமாரியைத் திறந்து பார்த்து, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப்போல் அவர் சந்தேகப்படவில்லை. அந்த அம்மா மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

அதற்கு முன்னமே ஜப்பான்காரர் வீட்டை விட்டுப் போய்விட்டார். பட்டறைக்குப் பின்னால், பிள்ளைகள் நடமாடாத ஓர் அறையைத் தேடிப் பிடித்தாராம். போகிற அன்று பேஸ்மென்டை ஈரத் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து வைத்திருந்தார். படிக்கதவுப் பூட்டைக் கழற்றி, திறப்போடு குசினி மேசையில் வைத்துவிட்டு, குனிந்து கும்பிட்டுப் போனார். அந்தப் பிள்ளைக் கிண்ணங்களை மறுபடி கடைந்து அனுப்பினார்களா, அவை கடைக்கு வந்தனவா என்று எனக்குத் தெரியாது. கணவர் அந்தப் பட்டறைக்கு இப்போதும் பலகை இறக்குகிறார். கேட்டுப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கீழே எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார். நல்ல குடும்பம், தகப்பனைக் கணவருக்குத் தெரியும், கோயிலில் எல்லாரும் அவருக்காகச் சொன்னார்கள். என் சிநேகிதிகூட அவரைச் சந்தேகப்படவில்லை. கதவு பூட்டுவதில்லை, யன்னல் வேர்ப்பதில்லை, மணம் இல்லை, சத்தம் இல்லை. கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்ப் போத்தலை மூடி திறந்தபடி உட்படியில் வைத்துவிட்டுப் போவார். பார்த்தால் பிள்ளைகள் குடிக்கும் சர்பத் மாதிரியே இருக்கும். மாத்திரை அட்டைகள் படியில் கிடக்கும். நான் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும்போது, "சொறி அன்ரி" என்று சிரிப்பார்.

ஜப்பான்காரர் விட்டுப்போன பூட்டை இப்போது அதே கதவில், என் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இந்த ஆள் வந்து வசந்தமும் கோடையும் போய்விட்டன. பிள்ளைகள் கீழே வருவார்களா என்று இவர் இன்னும் ஒரு நாளும் கேட்கவில்லை.